பழைய வினாத்தாள் காட்டும் பாதை

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடிமைப்பணித் தேர்வுக்கு ஆயத்தமாவது குறித்துப் பேசுமாறு நிர்வாகிகள் நம்மைக் கேட்டுக்கொண்டபோது நாம் சற்றுத் தயங்கினோம். நாம் ஓதியது மதரஸாவில். அந்தத் தேர்வை எழுதியதில்லை. எனினும், கடந்த சில ஆண்டுகளாக அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட வேளையில், நம் மஹல்லாவின் பட்டதாரி இளைஞர்கள் சிலர் பள்ளிவாசல் வாசகசாலையில் அமர்ந்து படித்து வருகின்றனர். அவர்கள் பழைய வினாத்தாள்களை எழுதுவார்கள். கடிகாரத்தைப் பார்ப்பதும், விடைகளை ஒப்பிட்டு மதிப்பெண்ணைக் கூட்டுவதும் நம் பணி. அப்படி உட்கார்ந்து கண்டறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

சொல்ல விழைவது ஒன்றுதான். பழைய வினாத்தாள், படித்து முடித்தபின் இறுதியில் பார்ப்பதற்காக எடுத்து வைக்க வேண்டிய பொருளன்று. முதல் நாளிலேயே கையில் எடுத்து, இறுதி நாள் வரை நம்மை நாமே அளந்து பார்க்க வேண்டிய அளவுகோல் அது.

ஓர் இளைஞரின் கணக்கு

இருமுறை முதல்நிலைத் தேர்வில் தவறிய ஓர் இளைஞர் நம்மிடம் வந்தார். அவர் வீட்டு அலமாரி முழுவதும் புத்தகங்கள். "தம்பி, சென்ற ஆண்டு வினாத்தாளை எடுத்து எழுதிப் பார்த்தீர்களா? எத்தனை சரியாக வந்தது?" என்று கேட்டோம். "இன்னும் பார்க்கவில்லை ஹஜ்ரத். பாடம் முழுவதையும் முடித்த பிறகு எழுதிப் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன்" என்றார்.

பாடம் முழுவதையும் முடித்த நாள் என்று ஒன்று இந்தத் தேர்வில் வருவதேயில்லை. இதை அவரும் அறிவார். உள்ளூர அவரைத் தடுத்தது அச்சம்தான். வினாத்தாளைத் திறந்தால் தமது உண்மை நிலை தெரிந்துவிடுமே என்ற அச்சம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவரை உட்கார வைத்தோம். பொது அறிவு முதல் தாள்: 100 வினாக்கள், 200 மதிப்பெண், இரண்டு மணி நேரம். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஓர் அடையாளம் இடச் சொன்னோம். உறுதியாகத் தெரிந்ததற்கு ஒரு கோடு; இரண்டில் ஒன்று என்று தயங்கியதற்கு இரண்டு கோடு; ஊகித்து எழுதியதற்கு ஒரு வட்டம். அவர் 92 வினாக்களுக்கு விடையளித்தார். 41 சரி, 51 தவறு.

இந்தத் தேர்வில் சரியான விடைக்கு 2 மதிப்பெண். தவறான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். அதாவது, மூன்று தவறுகள் ஒரு சரியான விடையை விழுங்கிவிடும். 82 மதிப்பெண்ணில் 34 போக அவருக்கு எஞ்சியது 48.

பிறகு அடையாளங்களைப் பிரித்து எண்ணினோம். உறுதியாக எழுதிய 30இல் 26 சரி. தயங்கி எழுதிய 20இல் 9 சரி, 11 தவறு. அதில்கூட ஏறத்தாழ 11 மதிப்பெண் இலாபமே. ஊகித்து எழுதிய 42இல் 6 மட்டுமே சரி, 36 தவறு. கிடைத்தது 12, இழந்தது 24. ஆக, தெரியாததைத் தெரிந்தது போல் எழுதியதால் மட்டும் 12 மதிப்பெண் பறிபோயிற்று.

அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். இருமுறை தோற்றபோது எவரும் சொல்லாத காரணத்தை அந்த ஒரு தாள் சொல்லிவிட்டது. அவருக்கு இரண்டு குறைகள் இருந்தன. உறுதியாக அறிந்தது குறைவு. அறியாததை விட்டுவிடும் துணிவும் குறைவு. முதற்குறை நூல்களைப் படித்தால் தீரும். இரண்டாவது குறை, கடிகாரத்தின் முன் அமர்ந்து வினாத்தாளை எழுதி எழுதித்தான் தீரும்.

பாடத்திட்டம் சொல்லாததை வினாத்தாள் சொல்லும்

மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் வெளியிடும் பாடத்திட்டத்தில் இந்திய ஆட்சியியலுக்கு உரியது சில சொற்களே: அரசமைப்புச் சட்டம், அரசியல் முறை, பஞ்சாயத்து ராஜ், பொதுக் கொள்கை, உரிமைகள் சார்ந்தவை. எவ்வளவு ஆழம் படிக்க வேண்டும் என்பதை அந்த வரி சொல்லாது. அதைச் சொல்வது வினாத்தாளே.

பண மசோதாவை எடுத்துக்கொள்வோம். 2013ஆம் ஆண்டு முதல்நிலைத் தேர்வில், மாநிலங்களவை அதைப் பெரிதும் திருத்திவிட்டால் என்ன நிகழும் என்று கேட்டார்கள். 2018இல், பண மசோதாவின் இலக்கணம் குறித்த கூற்றுகளில் எது தவறு என்று கேட்டார்கள். 2023இல், நிதி மசோதாவையும் பண மசோதாவையும் அருகருகே வைத்து, கூற்றுகளில் எத்தனை சரி என்று கேட்டார்கள். மூன்று ஆண்டுகளிலும் பொருள் ஒன்றே. ஆனால் ஒரு வினாவும் மீண்டும் வரவில்லை. 2013இன் விடையை மட்டும் மனனம் செய்தவர் 2018இல் திகைத்திருப்பார். அந்த வினாவைக் கண்டவுடன் அரசமைப்புச் சட்டத்தின் 109, 110ஆம் பிரிவுகளைத் திறந்து, பண மசோதா மக்களவையில் மட்டுமே அறிமுகமாகும், மாநிலங்களவை 14 நாட்களுக்குள் பரிந்துரைகளோடு திருப்பி அனுப்ப வேண்டும், அப்பரிந்துரைகளை ஏற்பதும் மறுப்பதும் மக்களவையின் விருப்பம் என்று முழுமையாகப் படித்தவர், பின்வந்த வினாக்களுக்கும் தம்மை ஆயத்தம் செய்துகொண்டவர் ஆவார்.

நாளிதழை எப்படிப் படிப்பது என்பதையும் பழைய தாளே கற்றுத் தரும். 2017 ஆகஸ்டில், தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. 2018ஆம் ஆண்டு முதல்நிலைத் தேர்வில் அது குறித்து வினா வந்தது. தீர்ப்பின் தேதியையோ நீதிபதிகளின் பெயரையோ கேட்கவில்லை. அவ்வுரிமை அரசமைப்புச் சட்டத்தின் எந்தப் பகுதியிலிருந்து பெறப்படுகிறது என்று கேட்டார்கள். செய்தியைப் படித்தால் அதன் வேர் எந்தச் சட்டப்பிரிவில் இருக்கிறது என்று தேட வேண்டும் என்பதே அந்த வினா தரும் பாடம்.

ஹிப்ழு மதரஸாவில் ஓதியவர்களுக்கு இம்முறை புதிதன்று. புதிய பாடம் எவ்வளவு ஓதினாலும், பழைய பாடத்தை உஸ்தாதின் முன் பாராமல் ஓதிக் காட்டிய பிறகே மேலே செல்ல விடுவார்கள். ஓதுபவருக்குத் தெரியாத பிழை, ஓதிக் காட்டும்போது வெளிப்பட்டுவிடும். வினாத்தாள் அத்தகைய உஸ்தாத், முகதாட்சண்யம் பாராதது.

பழைய தாள் எங்கே ஏமாற்றும்?

பழைய தாளைக் கண்மூடி நம்புவதிலும் கேடு உண்டு. மூன்று இடங்களில் எச்சரிக்கை தேவை.

முதலாவது, தேர்வின் அமைப்பு மாறியிருக்கிறது. முதல்நிலையில் இன்றுள்ள திறனறித் தாள் 2011இல் வந்தது. 2015 முதல் அதில் 33 விழுக்காடு பெற்றால் போதும் என்று ஆயிற்று. முதன்மைத் தேர்வின் இன்றைய அமைப்பும், அறநெறி குறித்த தாளும் 2013இல் வந்தவை. ஆகவே அந்த ஆண்டுகளுக்குப் பிந்திய தாள்களையே முதன்மையாகக் கொள்ள வேண்டும். வினா கேட்கும் விதமும் மாறும். கூற்றுகளில் எவை சரி என்று கேட்டு வந்தவர்கள், 2023இல் பல வினாக்களில் எத்தனை கூற்றுகள் சரி என்று கேட்டார்கள். ஒரு கூற்றைத் தள்ளிவிட்டு மற்றதை ஊகிக்கும் தந்திரத்தை மட்டும் பழகியிருந்தவர்கள் அவ்வாண்டு தடுமாறினார்கள்.

இரண்டாவது, அன்றைய சரியான விடை இன்று தவறாகியிருக்கலாம். இந்தியாவில் மாநிலங்கள் 29 என்பது 2014 ஜூன் முதல் 2019 அக்டோபர் வரை சரி, இன்று 28. திட்டக்குழு இருந்த இடத்தில் 2015 முதல் நிதி ஆயோக் இருக்கிறது.

மூன்றாவது, கடைகளில் விற்கும் தொகுப்பு நூல்களில் பிழையான விடைகள் உண்டு. தேர்வாணையமே தன் இணையதளத்தில் வினாத்தாள்களையும் முதல்நிலைத் தேர்வின் விடைக் குறிப்பையும் வெளியிடுகிறது. அவற்றை அச்செடுத்து வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இவ்விடத்தில் ஒரு தந்தையார் நம்மிடம் கேட்டதைச் சொல்ல வேண்டும். "ஹஜ்ரத், வினாத்தாளைப் பார்த்துப் படிப்பது களவு ஆகாதா?" என்று அவர் உண்மையாகவே ஐயுற்றார். நடந்து முடிந்த தேர்வின் தாள் பொதுச் சொத்து; தேர்வாணையமே அதை எல்லோருக்கும் கொடுக்கிறது; அதில் களவு இல்லை. ஆனால், "வரப்போகும் தாள் எங்களிடம் இருக்கிறது" என்று பணம் கேட்டு வருபவனை வாசற்படி ஏற்றாதீர்கள். வினாத்தாளைக் கசியவிடுவோருக்கும் விற்போருக்கும் எதிராக 2024இல் மத்திய அரசு தனிச்சட்டமே இயற்றியிருக்கிறது. அவ்வழியில் வரும் பதவியில் பரக்கத்தும் இல்லை, நிம்மதியும் இல்லை.

முதன்மைத் தேர்வில் பேனாவே பேச வேண்டும்

முதல்நிலையைக் கடந்தவர்கள் முதன்மைத் தேர்வில் ஒன்பது தாள்கள் எழுத வேண்டும். பொது அறிவுத் தாள்களில் முதல் மூன்றிலும் இருபது இருபது வினாக்கள்: பத்து வினாக்களுக்கு 150 சொற்கள், பத்து வினாக்களுக்கு 250 சொற்கள், மூன்று மணி நேரம். கணக்கிட்டால் ஒரு வினாவுக்கு ஒன்பது நிமிடம். ஒரே அமர்வில் ஏறத்தாழ 4,000 சொற்கள். வாசித்துத் தலையசைப்பதால் இந்த ஆற்றல் வராது. பழைய வினாவை எடுத்து, ஒன்பது நிமிடத்தில் எழுதி, பிறரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும்.

எழுதுவதற்கு முன் வினாவின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். "விளக்குக" என்பது ஒன்று. "திறனாய்வு செய்க" என்பது வேறு. முன்னதில் உள்ளதைச் சொன்னால் போதும். பின்னதில் நன்மையையும் குறையையும் எடைபோட்டு ஒரு முடிவுக்கு வர வேண்டும். நம் பிள்ளைகள் பலர் தமக்குத் தெரிந்த அனைத்தையும் எழுதுகிறார்கள், கேட்டதை எழுதுவதில்லை.

முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். நேர்முகத் தேர்வையும் தமிழிலேயே சந்திக்கலாம். ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே அச்சாகி வரும். எனவே தமிழில் எழுத விரும்புவோர் ஆங்கில வினாவைச் சரியாகப் புரிந்துகொள்ளவும், கலைச்சொற்களுக்குத் தமிழ் காணவும் பழைய தாள்களிலேயே பழக வேண்டும். ஆங்கில வழியில் பயின்ற பிள்ளைகளுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. தமிழைத் தேர்ந்தெடுப்போர் 300 மதிப்பெண்ணுக்கான தமிழ் மொழித் தாளில் 25 விழுக்காடு பெறாவிட்டால், மற்றத் தாள்களின் மதிப்பெண் கணக்கில் சேராது. அந்தத் தாளின் பழைய வினாக்களையும் ஒருமுறையேனும் எழுதிப் பாருங்கள்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளை எழுதுவோர் இதே உத்தியை அப்படியே அங்கே கொண்டுபோக வேண்டாம். தொகுதி நான்கு தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 வினாக்கள் தமிழ்த் தகுதிப் பகுதி. அப்பகுதியில் 40 விழுக்காடு பெற்றாக வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை. விடை தெரியவில்லை என்று குறிப்பதற்கே ஐந்தாவதாக ஒரு கட்டம் உண்டு. அங்கே பள்ளிப் பாடநூல்களே அடித்தளம். எந்தத் தேர்வோ, அந்தத் தேர்வின் தாளைக்கொண்டே அளக்க வேண்டும்.

நின்று சிந்திக்கும் துணிவு

இப்போது பெற்றோர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். 2024ஆம் ஆண்டுத் தேர்வின் முதல்நிலையை எழுதியவர்கள் 5,83,213 பேர். முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்கள் 14,627 பேர். இறுதியில் பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,009 பேர். இந்த எண்களை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தவறியவர்கள் அனைவரும் சோம்பேறிகள் அல்லர் என்பதற்காகச் சொல்கிறோம்.

பொதுப் பிரிவினருக்கு 32 வயது வரை 6 வாய்ப்புகள். வருமான வரம்புக்குட்பட்ட இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது வரை 9 வாய்ப்புகள். முதல்நிலையில் ஒரு தாளை எழுதினாலும் ஒரு வாய்ப்பு கழிந்துவிடும். "போய்த்தான் பார்ப்போமே" என்று ஆயத்தமின்றித் தேர்வறைக்குச் செல்வது, வாழ்நாளில் எண்ணித் தரப்பட்ட நாணயங்களில் ஒன்றை வீசி எறிவதற்கு ஒப்பாகும். ஆயத்தம் போதுமா என்பதை வீட்டிலேயே நான்கைந்து பழைய தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதி அறிந்துகொள்ளலாம். அதற்கு வாய்ப்பு எதுவும் கழிவதில்லை.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். ஆண்டுக்கணக்காக முயன்றும் மதிப்பெண் ஏறவில்லை என்றால், அதையும் அந்தத் தாள்களே காட்டும். அப்போது வேறு வழியை நாடுவது தோல்வியன்று. நம்மிடம் 48 மதிப்பெண் பெற்ற அந்த இளைஞர் மூன்றாம் முறை முதல்நிலையைக் கடந்தார். முதன்மைத் தேர்வில் தவறினார். தாம் எழுதிவைத்த விடைகளையெல்லாம் எடுத்துவந்து, "ஹஜ்ரத், என்னால் இன்னும் எவ்வளவு ஏற முடியும் என்று எனக்கே தெரிகிறது" என்றார். பின்னர் மாநிலத் தேர்வை எழுதி, இன்று அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றுகிறார். அங்கே முதியோர் உதவித்தொகைக்காக வரும் மூதாட்டியை அமரவைத்து, தாமே மனுவை நிரப்பிக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டபோது, அவர் இடைவிடாது படித்தது வீண்போகவில்லை என்று மகிழ்ந்தோம்.

ஜமாஅத் செய்யக்கூடியது

2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை, மக்கள்தொகையில் 13.4 விழுக்காடாக இருந்த முஸ்லிம்கள் இந்திய ஆட்சிப்பணியில் 3 விழுக்காடும், காவல்பணியில் 4 விழுக்காடுமே இருந்ததை எடுத்துக் காட்டியது. அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விட்டதைத் தவிர நாம் செய்தது என்ன என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும் பொருட்செலவின்றி நம்மால் ஆகக்கூடிய நான்கு பணிகளை நிர்வாகத்தின் முன் வைக்கிறோம்.

ஒன்று: முதல்நிலைத் தாள்களை 2011 முதலும், முதன்மைத் தாள்களை 2013 முதலும் ஆண்டுவாரியாக அச்செடுத்து, விடைக் குறிப்போடு கட்டமைத்து வாசகசாலையில் வைக்க வேண்டும். மாநிலத் தேர்வுத் தாள்களுக்குத் தனிக் கட்டு வேண்டும். மஹல்லாவுக்கு வெளியே உள்ள பிள்ளைகளும், பிற சமயத்துப் பிள்ளைகளும் வந்து படிக்கட்டும்.

இரண்டு: மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உண்மைத் தேர்வு நேரப்படியே காலை 9.30 முதல் 11.30 வரையும், பிற்பகல் 2.30 முதல் 4.30 வரையும் மாதிரித் தேர்வு நடத்த வேண்டும். கருப்பு மை பேனாவால் விடைத்தாளில் வட்டத்தை நிரப்பப் பழகுவதும் பயிற்சியே.

மூன்று: நம் பெண்மக்களுக்குத் தனி இடமும் உரிய நேரமும் ஒதுக்க வேண்டும். வீட்டு வேலை முடிந்து எஞ்சிய நேரத்தில் படி என்று மகளிடம் சொல்லிவிட்டு, மகனுக்கு மட்டும் அறையைத் தாழிட்டுக் கொடுப்பது நீதியாகாது.

நான்கு: அரசு தரும் உதவிகளின் அறிவிப்பைப் பலகையில் ஒட்ட வேண்டும். சென்னையில் தமிழக அரசின் குடிமைப்பணிப் பயிற்சி மையம் இருக்கிறது. நான் முதல்வன் திட்டத்தில் 2023 முதல், மதிப்பீட்டுத் தேர்வில் தேறும் 1,000 பேருக்கு முதல்நிலைத் தேர்வுக்கு ஆயத்தமாக மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு ஊக்கத்தொகை வழங்கப்படுகிறது. தில்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தின் உறைவிடப் பயிற்சியகமும் நுழைவுத்தேர்வு வைத்துச் சேர்க்கிறது. இவை இருப்பதே அறியாமல் பல பிள்ளைகள் கடன்பட்டுக் கட்டணம் செலுத்துகிறார்கள்.

இறுதியாக, மஹல்லாவாசிகள் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள். தேர்வு முடிவு வந்த வாரத்தில், பள்ளிவாசல் படிக்கட்டில் நிறுத்தி வைத்து, "என்னப்பா, இந்த முறையும் போச்சா?" என்று கேட்காதீர்கள். தொழுகைக்கு வரும் பிள்ளை அந்த ஒரு கேள்விக்கு அஞ்சி வேறு பள்ளிக்குச் சென்றதை நாம் கண்டிருக்கிறோம். ஸலாம் சொல்லுங்கள், நலம் விசாரியுங்கள், அதுவே போதும்.

மாணவச் செல்வங்களே, இன்றிரவே சென்ற ஆண்டின் ஒரு தாளை எடுங்கள். முதலில் வரும் மதிப்பெண் உங்களை வெட்கப்படுத்தலாம். அந்த வெட்கம் உங்கள் அறைக்குள்ளேயே தீர்ந்துவிடும். தேர்வு மண்டபம் வரை அதைக் கொண்டுபோக வேண்டியதில்லை. உங்கள் உழைப்பை இறைவன் ஏற்று, நாட்டு மக்களுக்குப் பயன்படும் இடத்தில் உங்களை அமர்த்துவானாக!